அட்டை நெசவின் இலக்கணம்

நெசவு என்று சொன்னவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது தறி. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு, குறுக்கே செல்லும் ஊடை, பாவிழைகளை ஏற்றியும் இறக்கியும் வழிவிடும் விழுதுகள், ஊடையை நெருக்கித் தள்ளும் அச்சு, இங்குமங்கும் பாயும் ஓடம் என அதன் உறுப்புகள் பல. இவற்றுள் பாவும் ஊடையும் தவிர வேறெதுவும் இல்லாமல், துளையிட்ட சிறு சதுர அட்டைகள் சிலவற்றை மட்டும் துணையாகக் கொண்டு அழகிய பட்டைகளை நெய்யும் முறை ஒன்று உண்டு. இடையில் கட்டும் கச்சை, ஆடையின் ஓரத்தை அணி செய்யும் கரை, சுவடிக் கட்டைச் சுற்றும் பட்டை முதலியவை இம்முறையில் பல நாடுகளில் நெய்யப்பட்டன. இதனை அட்டை நெசவு என்று நாம் அழைக்கலாம்.

இந்நெசவில் எழும் கோலங்கள் எண்ணற்றவை. அவற்றை ஆளும் விதிகளோ மிகச் சில. வரைபடத்தைப் பார்த்து நெய்பவர் அப்படத்தில் உள்ள ஒரு பட்டையை மட்டுமே நெய்ய வல்லவர்; இடையில் ஓர் அட்டை தவறிவிட்டால், எங்கே தவறியது என்பதுகூட அவருக்கு விளங்காது. விதியை அறிந்தவர் புதிய கோலம் படைப்பார். பிழையைத் தாமே கண்டு திருத்துவார். அதற்கும் மேலாக, நெய்தவர் மறைந்து பல நூற்றாண்டுகள் சென்ற பின்னரும், எஞ்சியுள்ள ஒரு துண்டைப் பார்த்தே அது நெய்யப்பட்ட விதத்தைப் படித்துச் சொல்ல அவரால் இயலும். மொழிக்கு இலக்கணம் எத்தகையதோ, இந்நெசவுக்கு அவ்விதிகள் அத்தகையவை. அவ்விலக்கணத்தையே இங்குச் சிறிது ஆராய்வோம்.

முதலில் இக்கலையின் பழமையைக் காண்போம். ஆஸ்திரியா நாட்டில் ஹால்ஷ்டாட் என்னும் ஊரில் மிகப் பழைய உப்புச் சுரங்கம் ஒன்று உள்ளது. உப்பு பொருள்களை அழுகவிடாது என்பது ஊறுகாய் போடும் நம் வீட்டாருக்குத் தெரிந்த உண்மையன்றோ? கி. மு. 800-க்கும் 400-க்கும் இடைப்பட்ட காலத்தில் அச்சுரங்கத்தில் உழைத்தோர் விட்டுச்சென்ற துணித் துண்டுகளை உப்பு இன்றுவரை காத்து வைத்திருந்தது. அவற்றுள் அட்டை கொண்டு நெய்த பட்டைகளும் இருந்தன. ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகருக்கு அருகே ஹோக்டோர்ஃப் என்னுமிடத்தில், 1978, 1979 ஆகிய ஆண்டுகளில், கெல்டியர் தலைவன் ஒருவனுடைய கல்லறை அகழப்பெற்றது. கி. மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லறையிலும் நுண்ணிய கோலங்கள் கொண்ட அட்டை நெசவுப் பட்டைகள் கிடைத்தன.

இவற்றைக் காட்டிலும் நம் உள்ளத்தைத் தொடுவது நார்வே நாட்டுக் கண்டுபிடிப்பு. அங்கு ஓசெபர்க் என்னுமிடத்தில் 1904-ஆம் ஆண்டில் ஒரு மேட்டைத் தோண்டியபோது, முழுக் கப்பலொன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. கி. பி. 834-ஆம் ஆண்டையொட்டி அக்கப்பலில் இரு பெண்களை அடக்கம் செய்திருந்தனர். அவர்களோடு வைத்த பொருள்களிடையே, 52 அட்டைகள் கோத்த ஒரு பட்டையும் இருந்தது. நூல்கள் துளைகளில் கோத்தபடியே இருந்தன. நெசவு பாதியில் நின்றிருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அடுத்த திருப்பத்துக்காகக் காத்திருந்த நெசவு அது!

பண்டை வட ஐரோப்பியர் இப்பட்டைகளை அணிகலனாக மட்டும் கருதவில்லை. அவர்களுடைய தறி செங்குத்தாக நிற்பது. பாவின் கீழ்முனைகளில் கல்லையோ சுட்ட மண் குண்டையோ கட்டித் தொங்கவிடுவார்கள். அத்தறியில் துணியைத் தொடங்கும்முன் ஓர் அட்டைப் பட்டையை நெய்வார்கள். நெய்யும்போதே அதன் ஊடையை ஒரு பக்கம் நெடுந்தூரம் இழுத்து விடுவார்கள். பிறகு அப்பட்டையைத் தறியின் மேல் தடியில் கட்டினால், பட்டையின் ஊடையாக இருந்த நூலே துணியின் பாவாகத் தொங்கும். இவ்வாறு ஒரு நெசவின் குறுக்கிழை மற்றொரு நெசவின் நெட்டிழை ஆயிற்று. துணியின் தலைக்கரை பிரியாமல் நின்றதற்கும், பாவிழைகள் சீரான இடைவெளியில் அமைந்ததற்கும் இவ்வேற்பாடே காரணம்.

காலப்போக்கில் தறியின் அமைப்பு மாறியது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அட்டை நெசவு வழக்கொழிந்து, ஐஸ்லாந்து போன்ற சில இடங்களில் மட்டும் நிலைத்தது. 1901-ஆம் ஆண்டில் மார்கரெட்டே லேமான்-ஃபில்ஹேஸ் என்னும் ஜெர்மானிய அம்மையார் இந்நெசவைப் பற்றி பெர்லினில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னரே அருங்காட்சியகங்களில் இருந்த பழைய பட்டைகளை அறிஞர் பலர் புதிய கண்ணோடு நோக்கலாயினர்.

இனி, கருவியைக் காண்போம். கனமான அட்டையிலிருந்து ஆறு அல்லது ஏழு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு துளையிடுங்கள். முடிந்தது! மரம், எலும்பு, கொம்பு, தோல் ஆகியவற்றால் முன்னோர் செய்தது இதையே. துளை ஒன்றுக்கு ஒரு நூலாக, ஓர் அட்டைக்கு நான்கு நூல்கள். எட்டு அட்டைகள் என்றால் 32 நூல்கள். நூல்களின் ஒரு முனையை எதிரேயுள்ள கம்பத்திலும், மற்றொரு முனையை நெய்பவருடைய இடுப்புக் கச்சையிலும் கட்டி விறைப்பாக நிறுத்த வேண்டும். அட்டைகள் நெய்பவருக்கு முகம் காட்டி நிற்பதில்லை. அலமாரியில் வரிசையாக வைத்த புத்தகங்களைப் போல், ஒன்றையொன்று ஒட்டி, விளிம்பை அவருக்குக் காட்டி நிற்கின்றன.

அவ்வாறு நிற்கும்போது ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு துளைகள் மேலேயும் இரண்டு துளைகள் கீழேயும் இருக்கும். மேல் துளைகளின் நூல்கள் உயர்ந்தும் கீழ்த் துளைகளின் நூல்கள் தாழ்ந்தும் நிற்பதால், இடையே ஒரு வாய் திறக்கிறது. அதன் வழியே ஊடையைச் செலுத்துகிறோம். பின்பு அட்டைக் கட்டு முழுவதையும் கால் வட்டம் திருப்புகிறோம். மேலே இருந்த ஒரு நூல் கீழே செல்கிறது. கீழே இருந்த ஒரு நூல் மேலே வருகிறது. வாய் மீண்டும் திறக்கிறது. மறுபடி ஊடை, மறுபடி கால் வட்டம். தறியில் விழுது செய்யும் வேலையை இங்கே சுழற்சியே செய்துவிடுகிறது.

இவ்விடத்தில் ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். சாதாரண நெசவில் பாவிழைகள் மேலும் கீழும் செல்லுமேயன்றி ஒன்றையொன்று சுற்றுவதில்லை. அட்டை நெசவில் ஓர் அட்டையின் நான்கு நூல்களும் ஒன்றையொன்று சுற்றி முறுகி, நாற்புரிக் கயிறாகின்றன. அட்டைக்கு ஒரு கயிறு. கயிறுகளை அருகருகே பிணைப்பது ஊடை. ஆகவே, ஊடையால் கோத்த கயிற்று வரிசையே அட்டை நெசவுப் பட்டை எனலாம். இதனை மனத்தில் பதித்துக்கொண்டால், விதிகள் அனைத்தும் இதிலிருந்தே பிறப்பதைக் காணலாம்.

முதல் விதி நிறத்தின் முறையைப் பற்றியது. நெய்பவருக்கு அருகில், மேலே உள்ள துளைக்கு அ என்று பெயரிடுவோம். அருகில், கீழே உள்ளது ஆ. தொலைவில், கீழே உள்ளது இ. தொலைவில், மேலே உள்ளது ஈ. அட்டையின் மேல் விளிம்பு நம்மைவிட்டு அப்பால் செல்லுமாறு திருப்புவதை முன்திருப்பம் என்றும், நம்மை நோக்கி வருமாறு திருப்புவதைப் பின்திருப்பம் என்றும் வழங்குவோம். முன்திருப்பம் செய்தால் முதலில் அ நூல் பட்டையின் மேற்பரப்பில் தோன்றும், அடுத்த திருப்பத்தில் ஆ, பின் இ, பின் ஈ. ஐந்தாம் திருப்பத்தில் மீண்டும் அ. பருவங்கள் மாறி மாறி வருவதைப் போல நான்கு நூல்களும் முறை தவறாமல் முகம் காட்டுகின்றன. பின்திருப்பம் செய்தால் அதே வரிசை தலைகீழாக வரும்.

இவ்வொரு விதியைக் கொண்டே ஒரு கோலம் அமைத்துப் பார்ப்போம். எட்டு அட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் மூன்று வெள்ளை நூல், ஒரு கறுப்பு நூல். முதல் அட்டையில் கறுப்பு அ-வில் இருக்கட்டும், இரண்டாவதில் ஆ-வில், மூன்றாவதில் இ-யில், நான்காவதில் ஈ-யில். ஐந்து முதல் எட்டு வரையுள்ள அட்டைகள் கண்ணாடியில் தெரியும் உருவம்போல ஈ, இ, ஆ, அ என்று அமையட்டும். இப்போது முன்திருப்பம் நான்கு செய்வோம். முதல் வரிசையில் ஒன்றாம், எட்டாம் அட்டைகளின் கறுப்பு தோன்றும். அடுத்ததில் இரண்டும் ஏழும். பின் மூன்றும் ஆறும். கடைசியில் நடுவிலுள்ள நான்கும் ஐந்தும். இரு ஓரங்களிலிருந்தும் இரண்டு கோடுகள் சாய்ந்து வந்து நடுவில் கூடுகின்றன. முன்திருப்பத்தையே தொடர்ந்தால் இதே அம்பு முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரும். நான்கு முன்திருப்பத்துக்குப் பின் நான்கு பின்திருப்பம் செய்தாலோ, கூடிய கோடுகள் மீண்டும் விரிந்து ஓரத்தை அடையும். முன் நான்கு, பின் நான்கு என மாறி மாறிச் செய்து வந்தால் சாய்சதுரங்களின் சங்கிலி உருவாகும். நூல் கோப்பில் மாற்றம் ஏதுமில்லை. கை திரும்பிய திசை மட்டுமே மாறியது. அம்பும் சாய்சதுரமும் ஒரே கோப்பிலிருந்து பிறந்தவை என்பதை வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் எங்ஙனம் அறிவார்?

இரண்டாம் விதி சாய்வைப் பற்றியது. கயிற்றை உற்று நோக்கினால் அதன் புரிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரியும். அட்டையின் கயிறும் அப்படியே. அது எப்பக்கம் சாயும் என்பதை இரண்டு காரணங்கள் முடிவு செய்கின்றன. நூல் அட்டையின் இடப்புற முகத்திலிருந்து துளைக்குள் நுழைகிறதா, வலப்புற முகத்திலிருந்தா என்பது ஒன்று. அட்டை முன்னே திரும்புகிறதா, பின்னே திரும்புகிறதா என்பது மற்றொன்று. இவற்றுள் ஒன்றை மாற்றினால் சாய்வு மாறும். இரண்டையும் மாற்றினால் சாய்வு பழையபடியே நிற்கும். கணிதத்தில் குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் நிறை எண் வருவதைப் படித்திருப்பீர்கள். அக்கணக்கே இங்கு நூலில் நடைபெறுகிறது.

இச்சாய்வு கோலத்தின் அழகையும் பட்டையின் உறுதியையும் ஒருங்கே ஆள்கிறது. நாம் மேலே கண்ட சாய்கோட்டின் போக்கும் புரியின் சாய்வும் ஒத்திருந்தால் கோடு வழுவழுப்பாக ஓடும். மாறுபட்டால் அரம்போலப் பற்கள் தெரியும். எனவே, பட்டையின் இடப் பாதிக்கு ஒரு கோப்பும் வலப் பாதிக்கு எதிர்க் கோப்பும் அமைத்தால் இரு கோடுகளும் சீராக அமையும். அன்றியும், எல்லா அட்டைகளையும் ஒரே பக்கமாகக் கோத்துவிட்டால் எல்லாக் கயிறுகளின் முறுக்கும் ஒரே திசையில் சேர்ந்து, பட்டை தட்டையாக நில்லாமல் தானே முறுக்கிக்கொள்ளும். ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே கோத்தால், ஒன்றன் முறுக்கை அடுத்தது தணித்து, பட்டை அமைதியாகப் படியும்.

மூன்றாம் விதி திசை மாற்றத்தைப் பற்றியது. அட்டைகளை ஒரே திசையில் திருப்பிக்கொண்டே சென்றால், நமக்கு முன்னால் பட்டை முறுகும்போதே, அட்டைகளுக்கு அப்பாலுள்ள நூலும் எதிர்த்திசையில் முறுகி வரும். சிறிது தூரம் சென்றதும் அங்குச் சேர்ந்த முறுக்கு அட்டைகளை நகரவிடாது. நூலை அவிழ்த்துச் சிக்கெடுத்து மீண்டும் கட்டுவது ஒரு வழி. திசையை மாற்றிப் பின்னே திருப்பி, சேர்ந்த முறுக்கை அத்திருப்பத்தாலேயே கரைத்துவிடுவது மற்றொரு வழி. ஆனால், திசை மாறும் இடத்தில் கயிற்றின் சாய்வு திடீரென மறுபுறம் திரும்பும். இறுதியாகத் தோன்றிய நூலே மறுபடியும் தோன்றி, சற்று நீண்டு கிடக்கும். நெய்பவர் மறைக்க நினைத்தாலும் மறைக்க முடியாத தடம் இது. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

முறை, சாய்வு, திசை மாற்றம் என்னும் இம்மூன்று விதிகளையும் அறிந்துவிட்டால், அட்டை நெசவின் வியத்தகு வகையொன்றை விளங்கிக்கொள்ளலாம். மேற்புறம் ஒரு நிறமும் கீழ்ப்புறம் மற்றொரு நிறமுமாக நெய்யும் இருமுக நெசவு அது. ஒவ்வோர் அட்டையிலும் அ, ஆ இரண்டிலும் வெள்ளை நூல்; இ, ஈ இரண்டிலும் சிவப்பு நூல். முன்னே இரண்டு திருப்பம் திருப்பினால் மேலே வெள்ளை, வெள்ளை எனத் தோன்றும். மூன்றாம் முறையும் முன்னே திருப்பினால் சிவப்பு வந்துவிடும். அதற்கு இடங்கொடாமல் பின்னே இரண்டு திருப்புகிறோம். மீண்டும் வெள்ளை, வெள்ளை. இவ்வாறு முன் இரண்டு, பின் இரண்டு எனச் சென்றால் மேற்பரப்பு முழுவதும் வெள்ளை; அடிப்பரப்பு முழுவதும் சிவப்பு. திரும்பி வந்தால் நிறம் நிலைக்கும்; தொடர்ந்து சென்றால் நிறம் மாறும். இருமுக நெசவு முழுவதும் இவ்வொரு சொற்றொடரில் அடங்கும்.

இதைக் கொண்டு நம் எழுத்தொன்றை நெய்து பார்ப்போமா? நேர்கோடுகளால் ஆன ட என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். அட்டைகள் பதினாறு. பட்டை நம்மிடமிருந்து அப்பால் வளர்வதால், எழுத்தின் அடிக்கோட்டை முதலில் நெய்ய வேண்டும். நான்கு முதல் பதின்மூன்று வரையுள்ள பத்து அட்டைகளை மட்டும், மற்றவை திசை மாறும் வேளையில், மாறவிடாமல் தொடர்ந்து திருப்புங்கள். அப்பத்தும் மேலே சிவப்பைக் காட்டும், அடிக்கோடு தோன்றும். அடுத்து, இடப்புறமுள்ள நான்காம், ஐந்தாம் அட்டைகள் சிவப்பிலேயே நிற்கட்டும். அதாவது, அவை திசை மாறட்டும். ஏனைய எட்டும் தொடர்ந்து சென்று வெள்ளைக்குத் திரும்பட்டும். இப்போது எழுத்தின் நிமிர்ந்த கோடு வளரத் தொடங்கும். வேண்டிய உயரம் வந்ததும் அவ்விரண்டையும் வெள்ளைக்குக் கொண்டுவந்தால் எழுத்து முடிந்தது.

இரண்டொரு முறை செய்து பார்த்தவர்க்கு ஓர் உண்மை தானே புலப்படும். வெள்ளை காட்டும் அட்டைகள் எல்லாம் எப்போதும் ஒரே திசையில் செல்கின்றன. சிவப்பு காட்டுபவை எல்லாம் அதற்கு எதிர்த்திசையில் செல்கின்றன. ஆகவே, வெள்ளைக் கட்டு, சிவப்புக் கட்டு என இரண்டு கட்டுகள் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று முன்னே செல்ல மற்றது பின்னே செல்லும். இரண்டு திருப்பத்துக்கு ஒருமுறை இரண்டும் திசை மாறும். ஓர் அட்டையின் நிறத்தை மாற்ற வேண்டுமானால், அதை இக்கட்டிலிருந்து அக்கட்டுக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். பட்டையைப் புரட்டிப் பார்த்தால் அடியில் அதே எழுத்து, சிவப்பு நிலத்தில் வெள்ளையாக, இடம்வலம் மாறி நிற்கும்.

இதில் எத்தனை கோலங்கள் அமையும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் இரண்டு திருப்பத்திலும் ஓர் அட்டை வெள்ளையாகலாம், அல்லது சிவப்பாகலாம். பதினாறு அட்டைகள் என்றால் ஒரே வரிசைக்கு 65,536 வகைகள் உண்டு. அடுத்த வரிசைக்கும் அத்தனையே. மூன்று விதிகளுக்குள் எத்துணை விரிவு அடங்கியுள்ளது!

இருமுக நெசவில் எழுத்தை நெய்யலாம் என்பது வெறும் பயிற்சிக்குச் சொன்ன செய்தியன்று. நமக்குக் கிழக்கே கடலுக்கு அப்பாலுள்ள பர்மாவில், அதாவது இன்றைய மியன்மாவில், இது ஓர் அறச்செயலாகவே வளர்ந்தது. நம் நாட்டில் போலவே அங்கும் நூல்கள் பனை இன ஓலைகளில் எழுதப்பட்டன. புத்த சமய நூலொன்றைப் படியெடுப்பித்து மடத்துக்குக் கொடுப்பது பெரும் புண்ணியமாகக் கருதப்பட்டது. அச்சுவடியைத் துணியில் பொதிந்து, அதன்மேல் பல மீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய பட்டையைச் சுற்றிக் கட்டுவார்கள். சாசிஜோ என்பது அப்பட்டையின் பெயர். அதை அட்டை கொண்டே நெய்தார்கள். சுவடியைக் கொடுத்தவர் பெயர், அவர் வேண்டும் பேறு, செய்த புண்ணியத்தை எல்லா உயிர்களோடும் பகிர்ந்துகொள்ளும் வாழ்த்து ஆகியவை அதில் எழுத்துக்களாகவே நெய்யப்பட்டன. இடையிடையே பறவைகளும் விலங்குகளும் கோயில்களும் உண்டு.

பர்மிய எழுத்து வட்ட வடிவானது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடாமல் ஓடுவதற்கு வளைந்த கோடே ஏற்றது என்பர். ஆனால் அட்டை நெசவில் வளைவு கிடையாது. படிப்படியாக ஏறி இறங்கும் மூலைகளே உண்டு. ஓலை வளைத்த எழுத்தை நூல் மீண்டும் சதுரமாக்க வேண்டியிருந்தது. படிக்கட்டு போன்ற மூலைகளைக் கண் வட்டமாக உணருமாறு அமைப்பதில்தான் அந்நெசவாளரின் திறமை இருந்தது. எழுத்துக்கு எழுத்து மாறும் இக்கோலத்தை, எந்த அட்டை எந்தக் கட்டில் இருக்க வேண்டும் என்று வரிசைதோறும் எண்ணி எண்ணியே அவர்கள் நெய்திருத்தல் வேண்டும். அச்சுப் புத்தகம் பரவவே ஓலையில் எழுதும் வழக்கம் குறைந்தது. சுவடி இல்லையென்றால் சுவடிக்குக் கட்டும் பட்டைக்கு வேலை ஏது? இருபதாம் நூற்றாண்டில் அக்கலையும் தளர்ந்தது. பட்டைகள் பல அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ளன.

இனி, முன்னர்க் கூறிய தடத்தின் பயனைக் காண்போம். நெய்தவர் இல்லை, அவருடைய அட்டைகளும் இல்லை, பட்டையில் ஒரு துண்டு மட்டும் கிடைத்திருக்கிறது என்று கொள்வோம். விதி அறிந்தவர் அதில் என்ன படிப்பார்? அடுத்தடுத்த இரண்டு கயிறுகள் எதிரெதிராகச் சாய்ந்திருந்தால், அவ்வட்டைகள் எதிரெதிராகக் கோக்கப்பட்டன, அல்லது எதிரெதிராகத் திருப்பப்பட்டன என்று அறிவார். ஒரே வரிசையில் எல்லாக் கயிறுகளின் சாய்வும் ஒருங்கே மாறினால், அவ்விடத்தில் நெய்தவர் கட்டு முழுவதையும் திசை மாற்றினார் என்று அறிவார். சில கயிறுகளில் மட்டும் சாய்வு மாறினால், அட்டைகள் இரு கட்டுகளாகப் பிரிக்கப்பட்டன என்று அறிவார். ஒரே ஒரு கயிற்றில் கோலம் ஒரு படி பின்தங்கி நின்றால், அன்று ஓர் அட்டை திரும்பாமல் நின்றுவிட்டது என்பதையும் அறிவார். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணோ ஆணோ கையை எப்பக்கம் திருப்பினார் என்பதை நூல் மறவாமல் வைத்திருக்கிறது. உப்புச் சுரங்கத்துப் பட்டைகளை ஆராய்ச்சியாளர் மீண்டும் நெய்து காட்ட முடிந்தது இதனால்தான்.

கோலத்தின் தோற்றத்தை மட்டும் நம்புவோர் மயங்குவதும் உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் அருங்காட்சியகத்தில் எகிப்திய மன்னன் மூன்றாம் ராம்சேசுடையது எனப்படும் கச்சை ஒன்று உள்ளது. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமும், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் குறுகிச் செல்லும் அகலமும், பல நிற நுண்கோலங்களும் உடையது அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலர் அதனை அட்டை கொண்டு நெய்யப்பட்டது என்றனர். அதைப்போன்ற கோலங்களை அட்டைகளால் நெய்தும் காட்டினர். ஆனால், அட்டைகளால் ஒன்றை நெய்ய முடியும் என்பது வேறு. அட்டைகளால்தான் அது நெய்யப்பட்டது என்பது வேறு. நாற்புரியாக முறுகிய கயிறுகள் அக்கச்சையில் உள்ளனவா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அக்கேள்வியை எழுப்பிய ஆய்வாளர்கள், விழுதுகள் கொண்ட தறியிலேயே அதை நெய்திருக்கலாம் என்று எடுத்துக்காட்டினர். இன்று அறிஞர் பலர் அதனை அட்டை நெசவாகக் கொள்வதில்லை. கோலம் கண்ணுக்குத் தெரிவது. அமைப்பு அறிவுக்குத் தெரிவது. வழக்கில் சான்றாக நிற்பது பின்னதே.

மாணவ நண்பர்களே, இவ்விலக்கணத்தைச் செவியால் கேட்டு மட்டும் கற்க இயலாது. கை கற்க வேண்டும். பழைய நாட்காட்டியின் அட்டை, இரண்டு நிறப் பருத்தி நூல், நூலை இழுத்துக் கட்ட ஒரு சன்னல் கம்பி ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். முதலில் எல்லாத் துளைகளிலும் ஒரே நிற நூலைக் கோத்து, சாய்வை மட்டும் கவனியுங்கள்; நிறம் குறுக்கிடாதபோது முறுக்கின் போக்கு நன்கு தெரியும். அடுத்து, கறுப்பு நூல் ஒன்று சேர்த்து அம்பும் சாய்சதுரமும் நெய்யுங்கள். அதன் பின் இருமுக நெசவில் ட எழுத்தை முயலுங்கள். ப, ம ஆகியவை அதற்கு அடுத்த பாடங்கள். தவறு நேர்ந்தால் பட்டையை வெட்டிவிட வேண்டாம். எந்த அட்டை, எந்த வரிசையில், எத்திசையில் பிழைத்தது என்பதைப் பட்டையே சொல்லும். அதைப் படித்தறிந்து, வந்த வழியே ஒவ்வொரு திருப்பமாகப் பின்சென்று திருத்துங்கள். அவ்வாறு திருத்தத் தெரிந்த அன்று, வரைபடத்தின் துணை இனி வேண்டுவதில்லை. எட்டு அட்டைகள், முப்பத்திரண்டு நூல்கள். இப்பாடத்தைத் தொடங்க இவ்வளவே போதும்.